கடல் மணலில் வண்டி இறக்கும் முன்: தோட்டப்புறத்து ஓட்டுநருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பந்திங் வட்டாரத்தில் வளர்ந்தவர்களில் பலர், உரிமம் எடுப்பதற்கு முன்பே செம்பனை வரிசைகளுக்கு இடையிலுள்ள செம்மண் சாலையில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள். மழை பெய்த மறுநாள் சக்கரம் வழுக்கினால், எக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்து, ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டி, சேற்றை உதறிக்கொண்டு வெளியே வருவது அவர்களுக்குக் கைவந்த கலை. அந்தத் துணிச்சலோடு கடற்கரைக்குப் போகிறவர்கள்தாம் மணலில் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் மாட்டினேன். சேற்றில் சக்கரம் சுழன்றால் டயரின் பள்ளங்களில் அடைத்த மண் வெளியேறி, அடியிலுள்ள கெட்டித் தரையை அது பிடிக்க வாய்ப்புண்டு. மணலில் சுழலும் சக்கரமோ தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு இறங்குகிறது. கெட்டித் தரை என்று ஒன்று அடியில் வருவதே இல்லை. ஆகவே தோட்டத்துச் சாலை கற்றுக்கொடுத்ததில் பாதியை மறந்துவிட்டுத்தான் கடல் மணலில் கால் வைக்க வேண்டியிருக்கிறது.

இக்கட்டுரை, ஹைலக்ஸ் போன்ற ஃபோர்வீல் வண்டி, அதாவது எஞ்சினின் வலு நான்கு சக்கரங்களுக்கும் போகும் வண்டி, வைத்திருப்பவர்களுக்கும், சுற்றுலா போகும் இடத்தில் வாடகை வண்டியை மணலில் ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கும் எழுதப்பட்டது. மைவி, சாகா போன்ற சாதாரணக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் சில செய்திகள் உண்டு என்றாலும், அவர்கள் தம் வண்டியைக் கடற்கரை வண்டி நிறுத்துமிடத்திலேயே விட்டுவிட்டு நடந்து போவதே நல்லது என்பது என் கருத்து.

முதலில் இடம்

மணலில் வண்டி ஓட்டலாம் என்று வெளிப்படையாக அனுமதிக்கப்பட்ட கடற்கரைகள் உலகில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கின்றன. நம்மவர்கள் எளிதில் போய்ப் பார்க்கக்கூடியது கேரளத்தில் கண்ணூருக்கும் தலச்சேரிக்கும் இடையிலுள்ள முழப்பிலங்காடு கடற்கரை. ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குச் சாதாரணக் கார்களே ஓடும் அளவுக்கு அங்கே மணல் இறுகியிருக்கிறது. கரையை ஒட்டிய கரும்பாறைகள் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. சற்றுத் தொலைவில் தர்மடம் தீவு தெரியும். கோயில் பயணமாகத் தமிழகம் போகிறவர்கள் இரண்டு நாளைக் கூட்டிக்கொண்டால் அங்கே போய் வரலாம். இந்தியாவில் ஓட்டுநரோடு சேர்த்து வண்டி அமர்த்துவதே வழக்கம் என்பதால், முதல் முறை அவர் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது கெடுதல் இல்லாத பயிற்சி. கடற்கரையின் சில பகுதிகளில் மேம்பாட்டுப் பணிகள் நடப்பதால், எந்த வாயில் திறந்திருக்கிறது என்பதை அன்றைக்கே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானின் இஷிகாவா மாநிலத்திலுள்ள சிரிஹாமா நகிசா சாலை இன்னும் வியப்பானது. சுமார் எட்டுக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மணற்கரையில் சுற்றுலாப் பேருந்துகள்கூட ஓடுகின்றன. மணல் துகள்கள் மிக நுண்ணியவையாகவும் ஏறத்தாழ ஒரே அளவினவாகவும் இருப்பதால், கடல்நீரை உறிஞ்சிக்கொண்டு அவை ஒன்றோடொன்று இறுகிவிடுகின்றன. அந்தக் கரையும் அரிப்பினால் ஆண்டுக்கு ஆண்டு குறுகி வருகிறது; அலை உயரமாக இருக்கும் நாட்களில் மூடிவிடுவார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டேட்டோனா கடற்கரையில் கட்டணம் செலுத்தி ஓட்டலாம் என்றாலும், வேக வரம்பு மணிக்குப் பத்து மைல், அதாவது 16 கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்த மணலில் இன்று நம் தோட்டத்து டிரெக்டர் வேகத்தில்தான் போக முடியும்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வேறு ரகம். குவீன்ஸ்லாந்தில் முன்பு ஃபிரேசர் தீவு என்று அழைக்கப்பட்டு, 2023 முதல் கர்ரி என்ற தொல்குடிப் பெயரையே அதிகாரப்பூர்வமாகத் தாங்கும் தீவில், 75 மைல் கடற்கரை என்பது சட்டப்படி ஒரு நெடுஞ்சாலை. அங்கே ஃபோர்வீல் வண்டி கட்டாயம். முன்கூட்டியே வாகன அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். சிறு விமானங்கள் மணலிலேயே இறங்கி ஏறுவதால், அவற்றுக்கு வழிவிட வேண்டும் என்பதும் ஓட்டுநர் அறிய வேண்டிய விதிகளில் ஒன்று. நியூசிலாந்தின் வடகோடியிலுள்ள ‘தொண்ணூறு மைல் கடற்கரை’ உண்மையில் 88 கிலோமீட்டர்தான் இருக்கிறது. அதுவும் சட்டப்படி சாலையே. ஆனால் இவ்விரு நாடுகளிலும் சாதாரண வாடகைக் கார் ஒப்பந்தங்கள் மணலில் இறங்குவதைத் தடை செய்கின்றன. சாலை என்று அரசு சொல்வது ஒன்று, வாடகை நிறுவனம் கையெழுத்து வாங்கிக்கொண்டு சொல்வது இன்னொன்று. உப்புநீர் பட்டதற்கான செலவு உங்கள் தலையில்தான் விழும். மணலில் ஓட்ட அனுமதி உண்டென்று எழுத்தில் தரும் நிறுவனத்தில் மட்டும் வண்டி எடுங்கள். வெளிநாட்டில் ஓட்டப்போகிறவர்கள் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டைப் பொறுத்தவரை, கரை எந்த நகராண்மைக் கழகத்தின் அல்லது மாவட்ட மன்றத்தின் கீழ் வருகிறதோ அங்கே கேட்பதுதான் ஒரே வழி. வாகனம் நுழையத் தடை என்று மலாயில் எழுதிய பலகை இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. பலகை இல்லை என்பதற்காக அனுமதி இருப்பதாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. கிழக்குக் கரையில் ஆமைகள் முட்டையிடும் கரைகள் உண்டு. திரெங்கானுவின் ரந்தாவ் ஆபாங் ஒரு காலத்தில் தோணியாமைகளுக்கு உலகப் புகழ்பெற்ற இடம்; இன்று அவை அங்கே ஏறக்குறைய அற்றுப்போய்விட்டன. வண்டி ஏறி இறுகிய மணலைத் தோண்டிக்கொண்டு ஆமைக் குஞ்சு மேலே வர முடியாது. வந்தாலும், சக்கரத் தடம் அதற்குப் பெரிய வாய்க்கால். அதற்குள்ளேயே ஓடி ஓடிக் களைத்துப்போகும். அத்தகைய கரைகளில் யாருடைய அனுமதி கிடைத்தாலும் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே மோரிப் கடற்கரை இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1945 செப்டம்பர் 9 அன்று, ஜப்பான் சரணடைந்த பிறகு, பிரிட்டிஷ் தரப்பின் 25ஆவது இந்தியப் படைப்பிரிவு ‘ஆப்பரேஷன் சிப்பர்’ என்ற திட்டத்தின்படி மோரிப்பில் கரையிறங்கியது. கரை தாங்கும் என்று கணித்திருந்தார்கள். மேலே மெல்லிய மணலும் அடியில் சேறுமாக இருந்த அந்தத் தரையில் இராணுவ வாகனங்கள் பல புதைந்து நின்றுபோயின. எதிரே துப்பாக்கியோடு எதிரி இல்லாததால்தான் அது பெரும் அழிவாகாமல் தப்பியது. போர்க்கால லாரிகளையே விழுங்கிய அந்தச் சேறு இன்றும் அங்கேதான் இருக்கிறது. மலாக்கா நீரிணையை ஒட்டிய நம் மேற்குக் கரையின் பெரும்பகுதி, ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய களிமண். சதுப்புக்காடுதான் அதற்கு இயற்கை. மணல் போலத் தெரிகிற இடத்தில் ஒரு கம்பையோ நீண்ட குச்சியையோ முழங்கை ஆழத்துக்குக் குத்தி எடுத்துப் பாருங்கள். நுனியில் கருஞ்சேறு ஒட்டிக்கொண்டு, அழுகிய முட்டை போல் வாடை வந்தால், அந்த இடத்தில் சைக்கிளைக்கூட இறக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீரின் நேரம்

மணல் ஏன் சில இடத்தில் தாங்குகிறது, சில இடத்தில் தாங்குவதில்லை என்பதற்கு விடை தண்ணீரில் இருக்கிறது. உலர்ந்த மணலில் துகளைத் துகளோடு பிடித்துவைக்க எதுவும் இல்லை. கொஞ்சம் ஈரம் இருந்தால், துகள்களுக்கு இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. பிள்ளைகள் கட்டும் மணல்வீடு நிற்பது இதனால்தான். தண்ணீர் அளவுக்கு மீறிப் போனால், துகள்கள் மிதக்கத் தொடங்கி மணல் கூழாகிவிடும். ஆகவே ஓட்டத் தகுந்த பட்டை, கடல் ஏறிய உச்சக் கோட்டுக்கும் அப்போதைய அலை நுனிக்கும் இடையில், ஈரமாகவும் மினுமினுப்பில்லாமலும் இருக்கும் பகுதி. அதன் மீது முதலில் நடந்து பாருங்கள். அழுத்தி மிதிக்கும்போது பாதத்தைச் சுற்றிலும் மணல் ஒரு கணம் வெளுத்து, உலர்ந்தது போல் தோன்றினால், அது இறுகிய மணல். குதிகால் ஆழப் புதைந்தாலோ, மிதித்த இடம் தளதளவென்று ஆடித் தண்ணீர் ஊறினாலோ, வண்டியைத் திருப்பிவிடலாம்.

இந்தப் பட்டை எவ்வளவு நேரம் வெளியே தெரியும் என்பதைக் கணக்கிடுவதுதான் மணல் ஓட்டத்தின் பாதி வேலை. நம் மேற்குக் கரையில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஓர் உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் இடையில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்றுக் காலை 10 மணிக்கு வற்றியிருந்த கடல், இன்று ஏறத்தாழ 10.50க்குத்தான் வற்றும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய ஓரிரு நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். கிள்ளான் துறைமுகப் பக்கத்தில் அந்நாட்களில் நீர்மட்ட வேறுபாடு 4 மீட்டரைத் தாண்டும். கிழக்குக் கரையில் வேறுபாடு குறைவு. நாளுக்கு இரண்டு முறை என்ற ஒழுங்கும் அங்கே எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. ஆகவே ஊகத்தை விட்டுவிட்டு, ஜுபெம் எனப்படும் அளவை, வரைபடத் துறை வெளியிடும் ஓத அட்டவணையில் அந்தந்த இடத்துக்கான நேரத்தைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். மணலில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

கடல் ஒரே சீராக ஏறுவதில்லை என்பதையும் புதியவர்கள் அறிய வேண்டும். படகுக்காரர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு இது: ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கும், இரண்டாம் மணியில் இரண்டும், மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்றும், ஐந்தாம் மணியில் இரண்டும், கடைசியில் ஒன்றுமாக நீர் ஏறுகிறது. மொத்த ஏற்றம் 4 மீட்டர் என்றால், நடுவில் வரும் இரண்டு மணிகளில் மணிக்கு ஒரு மீட்டர் ஏறும். ஐம்பது மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் இறங்கும் சரிவான கரையில், அந்த ஒரு மீட்டர் ஏற்றம் கடலை ஐம்பது மீட்டர் உள்ளே கொண்டுவந்துவிடும். ஓட்டுவதற்கு வசதியான தட்டைக் கரைகளில் தண்ணீர் வேகமாக நெருங்குவதும் இதனால்தான். கர்ரி தீவில் உச்ச ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கரையில் ஓட்ட வேண்டாம் என்று அறிவுறுத்துகிறார்கள். நான் இன்னும் பயந்தவன்; கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது இறங்கி, வற்றி முடிந்த நேரத்திலேயே திரும்பத் தொடங்கிவிடுவேன். மாட்டிக்கொண்டாலும் கையில் இரண்டு மூன்று மணி நேரம் மிச்சம் இருக்கும். வடகிழக்குப் பருவமழை வீசும் நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையில் அட்டவணையை நம்பியும் இறங்கக்கூடாது. காற்றும் அலையும் கணக்கில் வராமல் தண்ணீரை மேலே தள்ளும்.

டயரில் காற்றைக் குறைத்தல்

ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்பவர்கள் இதை வைத்துக்கொள்ளட்டும். டயரில் காற்றைக் குறைத்தால், அது தரையில் படும் பரப்பு நீளவாக்கில் கூடுகிறது. அதே எடை அதிக இடத்தில் பரவுவதால், மணல் தாங்கிக்கொள்கிறது. ஃபோர்வீல் இருந்தும் காற்றைக் குறைக்காமல் போகிறவனைவிட, குறைத்துப் போகிறவன் தொலைதூரம் போவான். நம் பெட்ரோல் நிலையங்களில் காற்றடிக்கும் கருவி கிலோபாஸ்கலில் காட்டுவதால், இரண்டு கணக்கிலும் சொல்கிறேன். தார்ச்சாலையில் 32 முதல் 35 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 220 முதல் 240 கிலோபாஸ்கல் இருக்கும் டயரை, மணலில் இறங்கும் முன் 18 முதல் 20 பி.எஸ்.ஐ.க்கு, அதாவது 125 முதல் 140 கிலோபாஸ்கலுக்குக் கொண்டுவர வேண்டும். வண்டி புதைந்துவிட்டால் 15 அல்லது 16க்கு, சுமார் 105 முதல் 110 கிலோபாஸ்கலுக்கு, இறக்கலாம். அதற்கும் கீழே போனால், திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று வருகிற ஆபத்து உண்டு. நான்கு சக்கரத்தையும் ஒரே அளவில் வையுங்கள். கையில் நம்பகமான காற்றளவி ஒன்று இருக்கட்டும். வால்வின் நடுமுனையைச் சாவி நுனியால் அழுத்திக் காற்றைப் போக்கலாம் என்றாலும், ஒரு டயருக்குச் சில நிமிடம் பிடிக்கும். பொறுமையில்லாமல் மூன்றாவதிலேயே போதும் என்று எழுந்துவிடுவது பலருடைய வழக்கம்.

காற்றைக் குறைத்த வண்டி, பாதி ஊறிய மெத்தையின் மீது நடப்பது போலத் தள்ளாடும். மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாமல், திருப்பங்களை அகலமாக எடுத்துப் போக வேண்டும். திரும்பத் தார்ச்சாலைக்கு ஏறியவுடன் காற்றை நிரப்புவதற்கு, பேட்டரியில் நேரடியாகக் கவ்வி மாட்டும் 12 வோல்ட் காற்றடிப்பான் ஒன்றைச் சொந்தமாக வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய வகை இரண்டு டயருக்குள் சூடேறி நின்றுவிடும். அருகில் எண்ணெய் நிலையம் இருக்கிறது என்று நம்பிக் காற்றில்லாத டயரோடு இருபது கிலோமீட்டர் ஓடினால், டயரின் பக்கச்சுவர் வெந்துவிடும்.

ஓட்டும் முறை

மணலில் இறங்கும் வாயிலில்தான் பெரும்பாலோர் புதைகிறார்கள். எல்லா வண்டிகளும் ஏறி இறங்கி உழுதுவைத்த உலர்ந்த பூமி அது. வாயிலுக்கு முன்பே நின்று, ஃபோர்வீலைப் போட்டு, வண்டியில் லோ ரேஞ்ச் எனப்படும், வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர் அமைப்பு இருந்தால் அதையும் போட்டு, சக்கரச் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் மின்னணு உதவியை அணைத்துவிடுங்கள். மணலில் அது எஞ்சினின் வலுவை வேண்டாத நேரத்தில் குறைத்துவிடும். இரண்டாம் கியரில் மெதுவாகப் புறப்பட்டு, நடுவில் கியர் மாற்றாமல், ஒரே சீரான வேகத்தில் ஈரப்பட்டை வரை போய்விட வேண்டும். முன்னே போனவர்களின் தடம் இருந்தால் அதிலேயே போங்கள். அது ஏற்கெனவே இறுகிய மணல்.

பிரேக்கை மறந்துவிடுங்கள். மணலில் அழுத்தி பிரேக் போட்டால், ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் மணல் சிறு மேடாகக் குவியும். பிறகு புறப்படும்போது அந்த நான்கு மேடுகளையும் ஏறியாக வேண்டும். காலை எடுத்துவிட்டால் போதும், மணலே வண்டியை நிறுத்திவிடும். நிறுத்தும் இடம், வண்டியின் முகம் சரிவின் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி இருக்கட்டும். புறப்படச் சரிவே உதவும். அதற்காக அலைக்குப் பக்கத்தில் நிறுத்தி, படமெடுக்கப் போய்விடக்கூடாது. கடலுக்குள் சக்கரத்தை விட்டு நீரைச் சிதறடித்துக் காணொளி எடுப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது? அடுத்த மாதம் பட்டறையில் அவர்களைச் சந்திக்கலாம்.

கரையை வெட்டிக்கொண்டு கடலில் விழும் சிற்றாறுகள் மீது தனிக் கவனம் வேண்டும். நேற்று முழங்கால் ஆழமாக இருந்த இடம் இன்று இடுப்பளவாகியிருக்கும். விளிம்பு செங்குத்தாக அரித்துப்போயிருக்கும். இறங்கி நடந்து பார்க்காமல் எந்த ஓடையையும் தாண்டாதீர்கள். எதிரே வண்டி வந்தால், எந்தப் பக்கம் ஒதுங்கப்போகிறீர்கள் என்பதைச் சிக்னல் விளக்கால் முன்கூட்டியே காட்ட வேண்டும். அலையோசையில் ஹாரன் கேட்காது. மணலில் படுத்திருப்பவர்களுக்கு உங்கள் எஞ்சின் ஓசையும் கேட்காது.

புதைந்துவிட்டால்

முதல் முறை நான் புதைந்தபோது, பக்கத்து இருக்கையில் தோட்டத்தில் முப்பது ஆண்டாக டிரெக்டர் ஓட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார். நான் பழக்க தோஷத்தில் எக்ஸிலேட்டரை இரண்டு முறை மிதித்தேன். பின்பக்கம் ஒரு முழம் இறங்கியது. கிளட்ச் கருகும் வாடை வந்தது. அவர் கையை நீட்டிச் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார். “தம்பி, இது சேறு இல்ல. மிதிக்க மிதிக்க நீதான் குழி வெட்டிக்கிட்டு இருக்க” என்றார். பிறகு கீழே இறங்கியவர், வண்டியை ஏறிட்டும் பார்க்காமல், அலை வந்து தொட்ட இடத்தில் ஒரு தென்னங்குச்சியை நட்டுவைத்துவிட்டு வந்தார். “அந்தக் குச்சிய தண்ணி தாண்டுற வரைக்கும் நமக்கு நேரம் இருக்கு, அவசரப்படாத” என்பதுதான் அவர் அடுத்துச் சொன்னது. அந்தக் குச்சியை இன்றும் ஒவ்வொரு முறையும் நான் நடுகிறேன்.

சக்கரம் ஒரு சுற்று வீணாகச் சுழன்ற அந்த நொடியிலேயே காலை எடுப்பது முதல் விதி. அதன்பின், வந்த தடத்திலேயே பின்னோக்கி மெதுவாக எடுத்துப் பாருங்கள். பாதித் தடவை அதிலேயே வண்டி வெளிவந்துவிடும். வராவிட்டால், காற்றை இன்னும் குறைத்து, நான்கு சக்கரத்தின் முன்னும் பின்னும் உள்ள மணலை மண்வெட்டியால் வழித்து எடுக்க வேண்டும். அதோடு நின்றுவிடாமல் வயிற்றையும் பாருங்கள்: வண்டியின் அடிச்சட்டம் மணலில் உட்கார்ந்துவிட்டிருந்தால், சக்கரங்கள் எடையில்லாமல் தொங்கிக்கொண்டுதான் இருக்கும், அடியிலுள்ள மணலையும் வாரி எடுத்த பிறகே பயன் உண்டு. அண்ணன் அன்று முழங்காலிட்டு, சாப்பாட்டுத் தட்டு ஒன்றால் முக்கால் மணி நேரம் மணல் அள்ளினார். மண்வெட்டி எடுத்துவரவில்லை என்று என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, அதுதான் எனக்குக் கூசியது.

சக்கரத்துக்கு அடியில் வைக்க, கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் மீட்புப் பலகைகள் நல்லவை. இல்லாதபோது விழுந்து கிடக்கும் தென்னை மட்டைகளை, ஓலை சக்கரத்தின் பக்கம் வரும்படி நெருக்கமாக அடுக்கலாம். தோட்டத்தில் சேற்றுக்குச் செம்பனை மட்டையை வெட்டிப் போடும் பழக்கம் நமக்கு உண்டு. ஆனால் அதன் அடிக்காம்பில் உள்ள முட்கள், காற்றிறக்கிய டயரின் பக்கச்சுவரைப் பதம் பார்த்துவிடும். ஜாக் வைக்க வேண்டியிருந்தால், அடியில் கொடுக்கத் தடித்த பலகை ஒன்று வேண்டும்; இல்லாவிட்டால் வண்டி ஏறாது, ஜாக்தான் மணலுக்குள் இறங்கும்.

இன்னொரு வண்டி இழுத்து உதவ வரும்போதுதான் உயிருக்கு ஆபத்தான தவறுகள் நடக்கின்றன. டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் கயிறு கட்டாதீர்கள். அது முறிந்தால் பீரங்கிக் குண்டுபோல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கப்பலில் வண்டியைக் கட்டிவைக்க அமைத்த சிறு வளையத்திலும் கட்டக்கூடாது. அடிச்சட்டத்தோடு போல்ட்டுப் போட்டுப் பொருத்திய, எடை குறிப்பிட்ட மீட்பு வளையத்தில் மட்டுமே கட்ட வேண்டும். தோட்டத்தில் மரம் இழுக்கும் இரும்புச் சங்கிலியும் இதற்கு ஆகாது. கயிறு எவ்வளவு நீளமோ, அதைப்போல் ஒன்றரை மடங்கு தொலைவுக்கு வேடிக்கை பார்ப்பவர்களை விலக்கி நிறுத்துங்கள், பிள்ளைகளை முதலில். தண்ணீர் குச்சியைத் தாண்டிச் சக்கரத்தைத் தொடத் தொடங்கிவிட்டால், வண்டியை விட்டுவிட்டு ஆட்களை மேட்டுக்கு அழைத்துப் போய் 999க்கு அழைப்பதே செய்ய வேண்டியது.

வண்டி கடலில் போனால் காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் வெள்ளம், புயல் முதலியவற்றுக்கான காப்பு, வழக்கமான முழுக் காப்பீட்டில் தானாக அடங்குவதில்லை. கூடுதலாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டியது. அதைச் சேர்த்திருந்தாலும், நாமே கடற்கரைக்கு ஓட்டிப்போன வண்டிக்கு அது பொருந்துமா என்பதை முகவரிடம் புறப்படும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்கு. அது காய்ந்த பிறகும் போகாது, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். அன்றிரவே வண்டியைக் கழுவுங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள். கார் கழுவும் கடையில் மேலே நுரை போட்டுப் பளபளப்பாக்கித் தருவதை நம்பாமல், அடிப்பகுதிக்கு நல்ல தண்ணீர் அடிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பாருங்கள்: அடிச்சட்டத்தின் துளைகள், சக்கர வளைவின் உட்புறம், சைலன்சர் தொங்கும் ரப்பர், பிரேக் தட்டின் பின்புறம், எண்ணெய்த் தொட்டியைத் தாங்கும் தகடு. வாளி வாளியாக ஊற்றினாலும் பரவாயில்லை. அழுத்தமாக அடிப்பதைவிட, நிறைய நேரம் ஓடவிடுவதே உப்பைக் கரைக்கும். ரேடியேட்டரின் முகப்பில் மட்டும் அழுத்தக் குழாயை நெருக்கிப் பிடிக்கக்கூடாது. மெல்லிய தகடுகள் மடிந்துவிடும்.

மறுநாள் டயரில் காற்றைச் சரிபார்த்து, ரிம்மின் உதட்டில் மணல் சிக்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்; அங்கே சிக்கும் சில துகள்களே காற்று மெல்லக் கசியக் காரணமாகும். பிரேக் போடும்போது அரைக்கும் ஓசை கேட்டால், சக்கரத்தைக் கழற்றித் தட்டையும் உறையையும் கழுவ வேண்டும். ஓடைகளைத் தாண்டியிருந்தால், அச்சின் நடுவிலிருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பெட்டியின் எண்ணெயைச் சிறிது வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்றியாக வேண்டும். தரைவிரிப்புகளைத் தூக்கி உதறுங்கள். அப்படியும் இரண்டு வாரம் கழித்து, தோட்டத்துச் சாலையில் ஒரு குழியில் வண்டி குதிக்கும்போது, இருக்கை முன்னும் பின்னும் நகரும் சட்டத்திலிருந்து ஒரு பிடி மணல் கொட்டும். அதையும் கூட்டி வெளியே போட்டுவிடுங்கள், அதிலும் உப்பு இருக்கிறது.